குளிர் காற்றும் சூட்டுக் காற்றும்: எஞ்சினுக்கு எவ்வளவு பெற்றோல்?



இன்றைக்கு நம்ம தோட்டங்களில் எத்தனையோ குடும்பங்கள் கொழுந்துச் சம்பளத்தை மட்டும் நம்பி இல்லை. லயத்துக்கு ஒரு ஓட்டோவாவது நிற்கிறது. மரக்கறி ஏற்றுகிற வேன், டவுனுக்குப் போய் வர மோட்டார் சைக்கிள் என்று வண்டிகள் பெருகிவிட்டன. அநேகமாக எல்லாமே லீசிங்கில் எடுத்தவை. மாசக் கட்டணம் கட்டி, பெற்றோல் அடித்து, மிச்சம் இருப்பதுதான் வீட்டுக்கு. 2022 ஆம் ஆண்டு பெற்றோலுக்காக நாள் கணக்கில் கியூவில் நின்றவர்களுக்கு ஒரு லீற்றரின் அருமையைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

காசு மட்டுமா? ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு தாய்க்குப் பிரசவ வலி வருகிறது. 1990 சுவசெரிய அம்புலன்சுக்குச் சொல்லியாச்சு. ஆனால் அது வந்து நிற்கிற பெரிய ரோட்டுக்கு மேல் கணக்கிலிருந்து இறங்க வேண்டுமே! அந்த நேரம் பனிக்குளிரில் ஓட்டோ ஸ்டார்ட் எடுக்கவில்லை என்றால் நிலைமை என்ன ஆகும்?

ஆகவே இந்த இதழில் எஞ்சினைப் பற்றி ஒரு பாடம் படிப்போம். காற்றின் சூடு, குளிருக்கு ஏற்ப எஞ்சினுக்குப் போகும் பெற்றோல் அளவை எப்படிச் சரி செய்வது? அதில் நாம் கை வைக்க வேண்டியது எது, வைக்கக் கூடாதது எது? வண்டி ஓட்டுகிறவர்களும், மெக்கானிக் வேலை பழக நினைக்கிற பிள்ளைகளும் ஆறுதலாக வாசியுங்கள். கணக்கு வருகிற இடத்தில் ஒரு கொப்பியை எடுத்து நீங்களும் போட்டுப் பாருங்க.

1. காற்றுக்கும் எடை உண்டு

காற்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதற்கு எடை இருக்கிறது. கடல் மட்டத்தில், 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில், ஒரு கன மீற்றர் காற்று ஏறக்குறைய 1,160 கிராம் நிறுக்கும். அதே காற்றை 10 பாகைக்குக் குளிர வைத்தால் அது சுருங்கும். அப்போது ஒரு கன மீற்றருக்குள் கூடுதலான காற்று அடங்கி, எடை ஏறக்குறைய 1,245 கிராம் ஆகும். குளிர்ந்த காற்று நெருக்கமானது, சூடான காற்று ஐதானது. இதை நல்லா மனசில வச்சுக்குங்க. முழுப் பாடமும் இதன் மேல்தான் நிற்கிறது.

எஞ்சின் பெற்றோலை மட்டும் எரிப்பதில்லை. காற்றில் இருக்கும் ஒட்சிசனோடு சேர்த்துத்தான் எரிக்கிறது. 1 கிலோ பெற்றோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். கவனியுங்கள், இது எடைக் கணக்கு. எஞ்சின் இழுப்பதோ கொள்ளளவுக் கணக்கில். பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டர் நிறையக் காற்றை இழுக்கும். அந்தக் காற்று குளிர்ந்ததா, சூடானதா, நெருக்கமா, ஐதா என்று பிஸ்டனுக்குத் தெரியாது. யாராவது பார்த்து அதற்கேற்ற பெற்றோலைக் கொடுக்க வேண்டும். அதைத்தான் காபரேட்டரோ கம்பியூட்டரோ செய்கிறது.

பேக்டரியில் வேலை செய்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கொழுந்து வாட்டும்போது டீமேக்கர் என்ன செய்கிறார்? ஈரத் துணி சுற்றிய வெப்பமானியையும் சாதாரண வெப்பமானியையும் பார்க்கிறார். மழை நாள் என்றால் சூட்டுக் காற்றைக் கூட்டுகிறார். வெயில் நாள் என்றால் குறைக்கிறார். ஒரே பேன், ஒரே கொழுந்து. ஆனால் காற்று மாறினால் வேலை மாறுகிறது. எஞ்சினிலும் அதே கதைதான்.

2. கூடினாலும் கெடுதி, குறைந்தாலும் கெடுதி

காற்றுக்குத் தேவையானதை விடப் பெற்றோல் கூடிவிட்டால் அதைக் கராஜில் ‘ரிச்’ என்பார்கள். சைலன்சரில் கறுப்புப் புகை, பெற்றோல் வாடை, பிளக்கில் கறுப்புக் கரி. பெற்றோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயிலைக் கழுவிவிடும். பிஸ்டன் ரிங் சீக்கிரம் தேயும்.

பெற்றோல் குறைந்துவிட்டால் அது ‘லீன்’. வண்டி இழுக்காது, விக்கும், காபரேட்டர் பக்கம் வெடிக்கும். பிளக் வெள்ளையாக வெளுத்துப் போகும். பாரத்தோடு ஏற்றத்தில் இப்படி நீண்ட நேரம் ஓடினால் எஞ்சின் கடுமையாகச் சூடேறி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளவும் இடம் உண்டு. பெற்றோல் மிச்சம் பிடிக்கப் போய் எஞ்சினைத் தின்னக் கொடுத்த கதையாகிவிடும்.

சரியான கலவையில் ஓடும் எஞ்சினின் பிளக் நுனி, பால் கலந்த தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். நமக்குப் பழக்கமான நிறந்தானே!

3. மலையில் இரண்டு கணக்கு

மலைநாட்டில் காற்று இரண்டு விதமாக மாறுகிறது. ஒன்று குளிர். 1,000 மீற்றர் மேலே ஏறினால் ஏறக்குறைய ஆறு, ஆறரைப் பாகை குறையும். மற்றது உயரம். மேலே போகப் போக வளிமண்டல அமுக்கம் குறையும், காற்று ஐதாகும். குளிர் காற்றை நெருக்குகிறது, உயரம் காற்றை ஐதாக்குகிறது. இரண்டும் எதிரெதிர் பக்கம் இழுக்கின்றன. எது வெல்லும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் அமுக்கம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 80 வீதம். கொழும்பில் பகல் 30 பாகை, நுவரெலியாவில் காலை 10 பாகை என்று வைத்துக்கொள்வோம். வெப்பநிலைக் கணக்குக்கு 273 ஐக் கூட்ட வேண்டும். அதாவது 303, 283. 303 ஐ 283 ஆல் வகுத்தால் 1.07. குளிரால் காற்று 7 வீதம் நெருக்கமாகிறது. இனி 1.07 ஐ 0.80 ஆல் பெருக்குங்கள். விடை ஏறக்குறைய 0.86.

அதாவது கொழும்பில் ஒரு கன மீற்றரில் 1,160 கிராம் இருந்த காற்று, நுவரெலியாவில் காலைக் குளிரிலும் 1,000 கிராம்தான். பகலில் 20 பாகைக்கு வந்தால் 960 கிராம் அளவுக்கு இறங்கும். ஆக, உயரம்தான் வெல்கிறது. குளிர் அதன் ஒரு பங்கை மட்டும் திருப்பிக் கொடுக்கிறது.

மலையேற்றத்தில் வண்டி மந்தமாக இருப்பதற்கு இது ஒரு காரணம். எஞ்சினுக்குக் கிடைக்கிற காற்றே குறைவு. எந்த ஸ்க்ரூவைத் திருப்பினாலும் இல்லாத காற்றைக் கொண்டுவர முடியாது.

4. காபரேட்டர் பாதிதான் சமாளிக்கும்

காபரேட்டர் ஒரு எளிய கருவி. காற்று போகிற குழாய் நடுவில் ஒடுங்கியிருக்கும். ஒடுங்கிய இடத்தில் காற்று வேகமாக ஓடும், அங்கே அமுக்கம் குறையும். அந்த இழுப்பில் கீழே சிறு கிண்ணத்தில் இருக்கும் பெற்றோல் ஜெட் வழியாக மேலே வந்து காற்றில் தூறலாகக் கலக்கும். ஜெர்மனியைச் சேர்ந்த வில்ஹெல்ம் மேபாக் 1893 இல் செய்த காபரேட்டரும் இப்படித் தூறும் வகையைச் சேர்ந்ததே.

காற்று ஐதானால் இழுப்பு குறையும், பெற்றோலும் குறையும். ஆனால் ஒரே அளவில் குறையாது. காற்றின் எடை 14 வீதம் குறையும்போது, பெற்றோல் 7 வீதம் அளவுதான் குறையும். இழுப்பு பாதியானால் பெற்றோல் பாதியாகாது என்பதே காரணம். மீதி 7 வீதம் எங்கே போகிறது? கூடுதல் பெற்றோலாக எஞ்சினுக்குள் போகிறது. கொழும்பில் செட் பண்ணின காபரேட்டர் நுவரெலியாவில் ஏழெட்டு வீதம் ரிச்சாக ஓடும் என்பது இதனால்தான்.

ஒரு நாளைக்கு 5 லீற்றர் ஓடும் ஓட்டோவில் 7 வீதம் வீணானால் 350 மில்லி லீற்றர். மாசத்துக்கு 25 நாள் என்றால் ஏறக்குறைய 9 லீற்றர். அன்றைய விலையால் பெருக்கிப் பாருங்க. பிள்ளையின் ஒரு மாச டியூசன் காசு அதில் இருக்கலாம்.

5. காலைக் குளிருக்கு ஸ்க்ரூ மருந்தல்ல

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஓட்டோ ஓட்டும் தம்பி ஒருவரும் கராஜ் அண்ணன் ஒருவரும் பேசிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம்.

தம்பி: அண்ணே, காலையில ஸ்டார்ட் எடுக்கவே மாட்டேங்குது. எயார் ஸ்க்ரூவைக் கொஞ்சம் இறுக்கி பெற்றோலைக் கூட்டி விடுங்களேன்.

அண்ணன்: பகல்ல எப்படித் தம்பி ஓடுது?

தம்பி: பகல்ல நல்லா ஓடுதுண்ணே. காலையில மட்டும்தான் கஷ்டம்.

அண்ணன்: அப்ப ஸ்க்ரூ சரியாத்தான் இருக்கு. சோக் கேபிளைப் பார்த்தியா?

தம்பி: சோக்கா? அது எப்பவோ அறுந்து போச்சுண்ணே. கட்டி வச்சிருக்கேன்.

அண்ணன்: நோய் ஒரு இடம், மருந்து வேற இடம் கேட்கிறியே தம்பி!

அண்ணன் சொன்னது சரிதானா? மறுபடி கணக்கு. ஒரே தோட்டத்தில் ராத்திரி 8 பாகை, பகல் 22 பாகை என்று வையுங்கள். 295 ஐ 281 ஆல் வகுத்தால் 1.05. காலையில் காற்று 5 வீதம்தான் நெருக்கம். அதிலும் காபரேட்டர் பாதியைத் தானே சமாளித்துக்கொள்ளும். மீதி இரண்டரை வீத வித்தியாசத்தால் எந்த எஞ்சினும் ஸ்டார்ட் எடுக்காமல் இருக்காது.

உண்மையான காரணம் வேறு. பெற்றோல் திரவமாக எரியாது, ஆவியானால்தான் எரியும். குளிர்ந்த எஞ்சினில் பெற்றோல் சரியாக ஆவியாகாமல் குழாய்ச் சுவரிலும் சிலிண்டர் சுவரிலும் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். பிளக்குக்கு முன்னால் வந்து சேரும் ஆவி போதாது. ஆகவே கொஞ்ச நேரத்துக்கு மட்டும் நிறையப் பெற்றோல் கொடுத்து, அதில் ஆவியாகும் பங்கையாவது போதுமான அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதுதான் சோக்கின் வேலை. எஞ்சின் சூடேறியதும் ஆவியாவது சீராகிவிடும், சோக்கை மூடிவிட வேண்டும்.

சோக்குக்குப் பதிலாக ஸ்க்ரூவைத் திருப்பினால், காலையில் பத்து நிமிஷத்துக்குத் தேவையான கூடுதல் பெற்றோல் வண்டி சும்மா நின்று ஓடும் நேரமெல்லாம் போகும். சோக்கைப் போட்டபடி ஓடினாலும் அதே கதிதான். சோக் அறுந்தால் அன்றைக்கே புதுக் கேபிள் போடுங்க. ராத்திரி அவசரத்துக்கு வண்டி வேண்டும் என்றால் முதலில் பார்க்க வேண்டியவை மூன்று: சோக், பிளக், பெட்டரி. குளிரில் பெட்டரியின் பலமும் குறையும் என்பதை மறக்க வேண்டாம்.

6. ஸ்க்ரூ திருப்பும் முறை

தோட்டத்திலேயே வண்டி நிற்கிறது, மேல் பிரதேசத்திலேயே ஓடுகிறது, பிளக் எப்போதும் கறுப்பு. அப்படியானால் காபரேட்டரைச் சரி பார்ப்பது நியாயம். அதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது.

முதலாவது, எயார் கிளீனரைச் சுத்தம் செய்யுங்கள். தூசி அடைத்த எயார் கிளீனர்தான் பாதி வண்டிகளில் பெற்றோலைக் குடிக்க வைக்கிறது. அதைச் சுத்தம் செய்யாமல் ஸ்க்ரூவைத் தொடக் கூடாது.

இரண்டாவது, வண்டியைப் பத்து நிமிஷம் ஓட்டி எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். சோக் முழுதாக மூடியிருக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் செய்யும் செட்டிங் ஒருநாளும் சரிவராது.

மூன்றாவது, ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருப்பி எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். எண்ணியதைக் கடதாசியில் எழுதி வையுங்கள். பிழைத்தால் திரும்பி வர அது வழி காட்டும். முட்டியதும் நிறுத்த வேண்டும். பலமாக இறுக்கினால் ஊசி முனையும் அது உட்காரும் இடமும் பழுதாகும்.

நாலாவது, ஸ்க்ரூ எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். பொதுவாக எயார் கிளீனர் பக்கம் இருந்தால் அது காற்றை அடக்கும் ஸ்க்ரூ. உள்ளே திருப்பினால் ரிச், வெளியே திருப்பினால் லீன். எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெற்றோல் கலவையை அடக்கும் ஸ்க்ரூ. அதற்கு எல்லாம் தலைகீழ். வண்டியோடு வந்த புத்தகத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இதைத் தெரியாமல் திருப்புகிறவர்கள் ஏராளம்.

ஐந்தாவது, புத்தகத்தில் உள்ள சுற்றுக்குக் கொண்டுவந்து, எஞ்சினை நிற்கும் வேகத்தில் ஓட விடுங்கள். கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் பத்து செக்கன் பொறுத்துக் கேளுங்கள். எஞ்சின் எங்கே வேகமாகவும் சீராகவும் ஓடுகிறதோ அதுதான் இடம். பிறகு ஐடில் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

ஆறாவது, ஓர் ஏற்றத்தில் ஓட்டிவிட்டு பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பாருங்கள்.

ஒரு விஷயம். இந்த ஸ்க்ரூ, எஞ்சின் நின்று ஓடும்போதும் கொஞ்சமாக எக்சிலேட்டர் திறக்கும்போதும் மட்டுமே பேசும். நடு வேகத்துக்கு ஊசியும், முழு வேகத்துக்கு மெயின் ஜெட்டும்தான் பொறுப்பு. அவற்றை மாற்றுவது அனுபவம் உள்ளவர் கையால் நடக்கட்டும்.

7. மேலே செட் பண்ணி கீழே இறங்கினால்

தலவாக்கலைப் பக்கம் ஓடும் வண்டியின் மெயின் ஜெட்டைச் சிறிதாக்கி லீன் பக்கம் செட் பண்ணியாச்சு. பெற்றோல் மிச்சம். நல்லது. ஒரு நாள் கல்யாண வீட்டு ஆட்களோடு கினிகத்தேனை, கித்துல்கல வழியாக அவிசாவளைக்கு இறங்குகிறது வண்டி. கீழே காற்று நெருக்கம். காபரேட்டர் மேலே இருந்த கணக்கிலேயே பெற்றோல் கொடுக்கிறது. இப்போது லீன். மூன்று பேர் பாரம், முழு வேகம், வெயில். எஞ்சின் சூடேற இதை விட வேறென்ன வேண்டும்?

ஆகவே மேலும் கீழும் போய் வரும் வண்டியைக் கீழ்நாட்டுக்குச் சரியான அளவிலேயே விட்டுவிடுவது பாதுகாப்பு. மேலே கொஞ்சம் பெற்றோல் கூடப் போனாலும் பரவாயில்லை, எஞ்சின் தப்பும். எப்போதும் மேலேயே ஓடும் வண்டிக்கு மட்டும் மேலுக்கேற்ற செட்டிங்.

8. வெப்பத்தை அளக்கும் வண்டிகள்

இப்போது வரும் பெரும்பாலான கார், வேன்களிலும் பல மோட்டார் சைக்கிள்களிலும் காபரேட்டர் இல்லை. ஈ.எஃப்.ஐ. என்னும் முறை. ஒரு சிறு கம்பியூட்டர் கணக்குப் போட்டு, இன்ஜெக்டர் என்னும் சிறு வால்வைச் சில மில்லி செக்கன் திறந்து பெற்றோலைப் பீச்சுகிறது. ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1967 இல் வோக்ஸ்வாகன் காருக்குக் கொடுத்த டி-ஜெட்ரோனிக் முறையில் குழாய் அமுக்கத்தை அளந்து இப்படிப் பெற்றோல் கொடுத்தார்கள்.

கம்பியூட்டருக்கு இரண்டு விஷயம் முக்கியமாகத் தெரிய வேண்டும். ஒன்று அமுக்கம், மற்றது உள்ளே வரும் காற்றின் வெப்பம். இரண்டும் தெரிந்தால் காற்றின் எடை தெரிந்துவிடும். உயரத்துக்கு அமுக்க சென்சர், குளிருக்கு வெப்ப சென்சர். நாம் மேலே கொப்பியில் போட்ட கணக்கைத்தான் அது ஒவ்வொரு சுற்றுக்கும் போடுகிறது.

20 பாகையை அடிப்படையாக வைத்தால் கணக்கு இப்படி: 293 ஐ எடுத்து, காற்றின் வெப்பத்தோடு 273 ஐக் கூட்டி வரும் தொகையால் வகுக்க வேண்டும்.

0 பாகை: 1.07 மடங்கு (7 வீதம் கூட)
10 பாகை: 1.035 மடங்கு (மூன்றரை வீதம் கூட)
20 பாகை: 1.00 (மாற்றம் இல்லை)
30 பாகை: 0.97 மடங்கு (3 வீதம் குறைய)
40 பாகை: 0.94 மடங்கு (6 வீதம் குறைய)
50 பாகை: 0.91 மடங்கு (9 வீதம் குறைய)

உதாரணத்துக்கு, 20 பாகையில் இன்ஜெக்டர் 4 மில்லி செக்கன் திறக்கிறது என்றால், மற்றவை மாறாதபோது 40 பாகையில் 3.74 மில்லி செக்கன் போதும். குளிர்ந்த எஞ்சினுக்கு வேண்டிய கூடுதல் பெற்றோலை, அதாவது சோக்கின் வேலையை, எஞ்சின் தண்ணியின் வெப்பத்தை அளக்கும் வேறொரு சென்சரைப் பார்த்துக் கொடுக்கிறது. கவனித்தீர்களா? இங்கேயும் இரண்டு வேலையும் வேறு வேறுதான்.

9. சென்சர் பிழைத்தால்

காற்று வெப்ப சென்சர் ஒரு சின்னப் பொருள். குளிர்ந்தால் அதன் மின் தடை கூடும், சூடானால் குறையும். பல வண்டிகளில் 20 பாகையில் 2 முதல் 3 கிலோ ஓம் வரை காட்டும். மல்டிமீற்றர் வைத்திருக்கும் பிள்ளைகள் சென்சரைக் கழற்றி, காலைக் குளிரில் ஒரு தரமும், கையில் பொத்திப் பிடித்து ஒரு தரமும் அளந்து பாருங்கள். தடை இறங்க வேண்டும். அசையாமல் நின்றால் சென்சர் பழுது. சரியான அளவு வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் அந்த வண்டியின் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும்.

வயர் அறுந்தால் தடை எல்லையில்லாமல் போகும். கம்பியூட்டர் கடுங்குளிர் என்று நினைக்கும். வயர் ஒன்றோடொன்று முட்டினால் கடுஞ்சூடு என்று நினைக்கும். அநேக வண்டிகளில் கம்பியூட்டர் இந்தப் பிழையைக் கண்டுபிடித்து, டாஷ் போர்டில் மஞ்சள் எஞ்சின் லைட்டைப் போட்டு, ஒரு நடுத்தர அளவை வைத்து ஓட்டும். வண்டி ஓடுகிறதே என்று அந்த லைட்டை அலட்சியப்படுத்தக் கூடாது. அழுக்கு, ஒயில் படிந்து சென்சர் மெதுவாகப் பிழைத்தால் லைட் எரியாமலும் இருக்கலாம்.

இன்னொரு தொல்லை. மத்தியானம் ஏற்றம் ஏறி வந்து, டவுனில் இருபது நிமிஷம் நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் பண்ணினால் வேன் கொஞ்ச தூரம் விக்கும். ஏன்? நின்ற நேரத்தில் எஞ்சின் சூடு சென்சருக்கு ஏறி அது 58 பாகை காட்டும். வெளிக்காற்றோ 22 பாகைதான். சென்சரை நம்பினால் பெற்றோல் 10 வீதத்துக்கு மேல் குறைந்துவிடும். ஓட ஓடக் குளிர் காற்று பட்டு சென்சர் இறங்கும், வண்டியும் சரியாகும். கம்பியூட்டர் செட்டிங் செய்யும் ஆட்கள் இதற்காகவே, எஞ்சின் சூடாகவும் காற்றோட்டம் குறைவாகவும் உள்ள நேரத்தில் காற்று வெப்பத் திருத்தத்தை முழுதாகக் கொடுக்காமல் பங்காகக் கொடுப்பார்கள்.

எயார் கிளீனருக்கு வெளிக்காற்றைக் கொண்டுவரும் குழாய் உடைந்துவிட்டால் சிலர் அதைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். பிறகு எஞ்சின் தன் பக்கத்துச் சூட்டுக் காற்றையே இழுக்கும். 20 பாகைக் காற்றுக்குப் பதில் 50 பாகைக் காற்று என்றால் 9 வீதம் ஐது. அந்த அளவுக்கு இழுவையும் போய்விடும். சின்னக் குழாய்தானே என்று விட வேண்டாம்.

இன்னும் ஒரு எச்சரிக்கை. ‘பவர் கூட்டும் சிப்’ என்று சின்னப் பொருள் ஒன்றை விற்பார்கள். அவற்றில் பல வெறும் ஒரு ரெசிஸ்டர்தான். காற்று வெப்ப சென்சர் வயரில் அதைப் போட்டால், குளிர் காற்று வருகிறது என்று கம்பியூட்டரை ஏமாற்றிப் பெற்றோலைக் கூட்டும். காற்று கூடவில்லை, பவர் எங்கிருந்து வரும்? வெப்பமானியில் பொய் சொன்னால் டீமேக்கர் எப்படி நல்ல தேயிலை போடுவார்?

10. உயிருக்கு ஆபத்தான விஷயம்

10 அடிக்கு 12 அடி காம்பரா, 9 அடி உயரம் என்று வையுங்கள். அதற்குள் ஏறக்குறைய 30 கன மீற்றர் காற்று இருக்கும். 1 லீற்றர் பெற்றோல் எரிய மலைநாட்டில் 11 கன மீற்றர் காற்று வேண்டும். மூன்று லீற்றருக்குள் முழு காம்பராக் காற்றும் முடிந்தது. ஆனால் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. சோக் போட்ட எஞ்சினில் பெற்றோல் முழுதாக எரியாது. அப்போது கார்பன் மோனோக்சைடு என்னும் நச்சு வாயு கூடுதலாக வரும். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. முதலில் தலைவலி, வாந்தி, மயக்கம். தூக்கத்தில் இருப்பவர் எழும்பாமலே போகலாம்.

ஆகவே லயத்துச் சுவரோடு சேர்த்துத் தகரம், படங்கு அடித்த கொட்டிலுக்குள் வண்டியைச் சூடாக்கவே வேண்டாம். ஸ்டார்ட் எடுத்தவுடன் வெளியே கொண்டுவாருங்கள். பக்கத்துக் காம்பராவில் கைக்குழந்தை படுத்திருக்கும். நின்ற இடத்தில் கால் மணி நேரம் உறுமத் தேவையும் இல்லை. அரை நிமிஷம் பொறுத்து மெதுவாக ஓட்டினால் எஞ்சின் அதை விடச் சீக்கிரம் சூடேறும். பெற்றோலும் மிச்சம்.

11. கொழுந்து லொறிக்கு?

டீசல் எஞ்சினில் காபரேட்டரும் இல்லை, பிளக்கும் இல்லை. காற்றை நெருக்கி, அந்தச் சூட்டில் டீசலைப் பற்ற வைக்கிறார்கள். காலைக் குளிரில் அந்தச் சூடு போதாததால்தான் பல வண்டிகளில் ஹீட்டர் பிளக் வைத்திருக்கிறார்கள். ஹீட்டர் லைட் அணையும் வரை பொறுத்து ஸ்டார்ட் பண்ணுங்கள். மலையில் ஏறும்போது பழைய லொறி கறுப்புப் புகை விடுவது, காற்று ஐதாகியும் பம்ப் கீழ்நாட்டு அளவில் டீசல் கொடுப்பதால். எக்சிலேட்டரை இன்னும் மிதித்தால் புகைதான் கூடும். கியரைக் குறைத்து ஓட்டுவதே முறை.

12. பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

வகுப்பில் வாயு விதி படிக்கும்போது இது எதுக்கு என்று நினைத்திருப்பீர்கள். 273 ஐக் கூட்டும் அந்தக் கணக்குதான் ஒவ்வொரு ஈ.எஃப்.ஐ. வண்டிக்குள்ளும் ஓடுகிறது. சாதாரண தரம் முடித்து வீட்டில் இருக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும் தொழிற்பயிற்சி அதிகாரசபையில் மோட்டார் மெக்கானிக் பாடநெறிகள் இருக்கின்றன. என்.வி.கியூ. சான்றிதழ் கிடைக்கும். சுத்தியலும் ஸ்பேனரும் மட்டும் தெரிந்தவருக்கு இனி வேலை குறையும். மல்டிமீற்றரும் கணக்கும் தெரிந்தவருக்குக் கூடும். இது ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு மட்டுமான வேலையும் அல்ல.

பாடத்தை நினைவில் வைக்கச் சில கேள்விகள்

கேள்வி 1: ராத்திரி 10 பாகை, பகல் 25 பாகை. ராத்திரிக் காற்று எத்தனை வீதம் நெருக்கம்?
விடை: 298 ஐ 283 ஆல் வகுத்தால் 1.05. ஆகவே 5 வீதம்.

கேள்வி 2: பகலில் நன்றாக ஓடும் ஓட்டோ காலையில் மட்டும் ஸ்டார்ட் எடுக்கவில்லை. எதைப் பார்ப்பீர்கள்?
விடை: சோக், பிளக், பெட்டரி. ஸ்க்ரூவை அல்ல.

கேள்வி 3: காற்று வெப்ப சென்சரின் வயர் அறுந்துவிட்டது. கம்பியூட்டர் என்ன நினைக்கும்?
விடை: கடுங்குளிர் என்று நினைக்கும். பிழையைக் கண்டுகொள்ளாத வண்டியில் பெற்றோல் கூடிப் போகும்.

கேள்வி 4: மேல் பிரதேசத்துக்கு லீனாகச் செட் பண்ணிய வண்டி கீழ்நாட்டுக்கு இறங்கினால் என்ன ஆபத்து?
விடை: காற்று நெருக்கமாகி இன்னும் லீனாகும். எஞ்சின் சூடேறிப் பழுதாகும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக இருக்கும்போது, உங்க வண்டியின் எயார் கிளீனரைத் திறந்து பாருங்க. பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பாருங்க. சோக் கேபிள் வேலை செய்கிறதா என்று இழுத்துப் பாருங்க. மூன்றுக்கும் அரை மணி நேரம் போதும். அவசரத்துக்கு யாராவது வந்து கதவைத் தட்டும் ராத்திரியில் அந்த அரை மணி நேரம் கைகொடுக்கும்.